ஆடு விட்டுவைத்த தோட்டம்

மன்னார்த் தீவின் பெருமையைப் பேசப் புகுந்தவர்கள் பெரும்பாலும் முத்துக்குளிப்பைப் பற்றிப் பேசுவார்கள். அல்லது பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தைச் சுட்டிக்காட்டி, அராபிய வணிகர் 1477-ஆம் ஆண்டில் நட்டது என்று வழிவழியாக வழங்கும் செய்தியைச் சொல்லி, 19 மீற்றருக்கு மேற்பட்ட அதன் சுற்றளவை வியந்து நிற்பார்கள். அத்தீவின் வளவுகளிலும் வேலியோரங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் பிறர் கவனியாமல் பூத்துக்கொண்டிருக்கும் சாதாரணச் செடிகளின் சரித்திரத்தை விசாரிப்பவர் அரியர். விசாரித்துப் பார்த்தால், அலரி, எருக்கலை, ஊமத்தை, ஆமணக்கு, காட்டாமணக்கு, குன்றிமணி, கார்த்திகைப் பூ என்று அங்கே அடிக்கடி கண்ணில் படுபவற்றுள் பல கொடிய விஷமுடையவை என்பதும், அவ்விஷத்தால் வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு ஆபத்து நேரக்கூடும் என்பதும் புலனாகும். இத்தனை நச்சுச் செடிகள் ஒரு சிறு தீவில் வந்து கூடியது தற்செயல் என்று நான் கருதவில்லை; அவற்றை ஓரளவு மனிதன் நட்டான் என்பது உண்மையே ஆயினும், எது நிலைக்க வேண்டும் எது அழிய வேண்டும் என்று தீர்ப்புச் செய்தது ஆடுதான் என்பது என் துணிபு.

இதற்குக் காரணம் அந்நிலத்தின் இயல்பிலேயே இருக்கிறது. வாடைக் காற்றோடு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்யும் மழையை நம்பி வாழ்கின்ற அந்த மணற்பாங்கான பிரதேசத்தில், சோளகம் வீசத் தொடங்கியதும் புல் கருகிவிடும். பனையும் உடையும் அன்றிப் பசுமை என்று சொல்லத்தக்கது அதிகம் இராது. அக்காலத்தில் தீவெங்கும் அவிழ்த்துவிடப்பட்ட ஆடுகளும், மாடுகளும், அராபியரோடு வந்தவை என்று சொல்லப்படும் கட்டாக்காலிக் கழுதைகளும் பசித்த வாயோடு அலைந்து, எட்டிய இலையையெல்லாம் தின்று தீர்க்கும். கருக்குமட்டையாலும் பனையோலையாலும் கட்டிய வேலி எத்தனை நெருக்கமாக இருந்தாலும், ஓர் ஆட்டின் பொறுமைக்கு முன்னே அது நிற்பதில்லை. ஆகவே, ஆசையோடு நட்ட செவ்வரத்தையும் மல்லிகையும் ஒரு கோடை தாண்டுவதே அரிதாக, கசப்பையும் காரத்தையும் வெண்பாலையும் தனக்குக் காவலாக வைத்துக்கொண்ட செடிகள் மாத்திரமே ஆண்டாண்டாகத் தழைத்து நின்றன. ஆடாதோடை, ஆடுதின்னாப்பாளை என்று நம் முன்னோர் செடிகளுக்கு இட்ட பெயர்களும், எந்தப் பிராணியின் வாயை அளவுகோலாகக் கொண்டு அவர்கள் தாவரங்களை வகுத்தார்கள் என்பதை உணர்த்தும். நீர் ஊற்ற வேண்டாத, வேலி காக்க வேண்டாத, ஆயினும் பூக்கின்ற செடி எதுவோ அதுவே ஏழையின் முற்றத்துக்கு உகந்த செடி. மன்னாரில் அத்தகைய செடி அநேகமாக விஷச் செடியாகவே இருந்தது. ஆட்டை நினைந்து செய்யப்பட்ட இவ்வேற்பாட்டில் நாயை ஒருவரும் நினைக்கவில்லை. இறைச்சியும் மீனும் தின்னும் பிராணிக்கு இலையால் என்ன வரப்போகிறது என்ற எண்ணம் இயல்பானதுதானே.

இச்செடிகளுள் மிகப் பழைமையும் மிக்க மரியாதையும் உடையது அலரி. தமிழகத்தார் அரளி என்று சொல்லும் இதனைப் பழைய நூல்கள் கணவீரம் என்ற பெயரால் அறியும். கொலைத் தண்டனை பெற்றவனைக் கொலைக்களத்துக்கு அழைத்துச் செல்லும்போது அவன் கழுத்தில் செவ்வலரி மாலை சூட்டுவது பண்டைய வழக்கம். அதே மலர் சிவபெருமானுக்கும் உகந்ததாயிற்று. மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலத்தில், மாந்தைத் துறைமுகத்தின் அருகே, பாலாவிக் கரையில் எழுந்த திருக்கேதீச்சரம், சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்ற ஸ்தலம். கிழக்கும் மேற்கும் உள்ள நாடுகளின் கப்பல்கள் வந்து கூடிய அம்மாநகரின் ஆலயம் பின்னர் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு, மண்மூடிக் காடாகிக் கிடந்ததும், அதனை மீண்டும் எடுக்க வேண்டும் என்று 1872-இல் ஆறுமுக நாவலர் சைவ மக்களுக்கு விண்ணப்பம் விடுத்ததும் யாவரும் அறிந்தவை. ஆலயம் இடிந்தாலும் அதன் பூசைக்குரிய மலர்கள் இடியவில்லை. அலரியும் எருக்கும் ஊமத்தையும், யாரும் நீர் வார்க்காமலே, அப்பிரதேசத்தின் வெளிகளில் தாமாகப் பூத்துக்கொண்டிருக்க வல்லவை. பூசனை மீண்டும் தொடங்கிய இடத்தில் அவற்றைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியிராது.

அலரியின் இலை, பூ, பட்டை, வேர் ஆகிய யாவற்றிலும் இதயத்தைத் தாக்கும் சத்துக்கள் உள்ளன. அவற்றுள் பிரதானமானதை இரசாயன சாஸ்திரிகள் ஒலியாண்டிரின் என்பர். நாய் இதை மென்று விழுங்கினால் முதலில் வாயில் நீர் ஊறி ஒழுகும். பின் வாந்தியும் கழிச்சலும் காணும். அதன்பின் இதயத் துடிப்பு மந்தமாகவோ ஒழுங்கின்றியோ ஓடத் தொடங்கி, தக்க சிகிச்சை கிடையாதபோது நின்றுவிடும். இலை காய்ந்து சருகானாலும் விஷம் போவதில்லை என்பது இங்கே விசேஷமாக நினைவில் வைக்கத்தக்கது. பச்சை அலரியின் கசப்பு பிராணிகளைத் தடுத்துவிடுகிறது. வெட்டிக் குவித்து வெயிலில் காய்ந்த கிளையோ, பூச்சாடியில் தேங்கிய நீரோ அத்தனை எச்சரிக்கை செய்வதில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. ஈழத்துத் தமிழ்க் கிராமங்களில் ஆலமரத்தடியிலோ வேப்பமரத்தடியிலோ ஒரு சூலத்தை நாட்டி வைரவர் என்று வழிபடுவது பெருவழக்கு. வைரவருக்கு வாகனம் நாய். அவருக்கு உகந்த மலரோ செவ்வலரி. நாயை ஊர்தியாகக் கொண்ட தெய்வத்தின் கழுத்தில் நாயைக் கொல்ல வல்ல பூவைச் சாத்தி வழிபட்ட நம்மவர், அதில் முரண்பாடு ஏதும் கண்டதாகத் தெரியவில்லை. நஞ்சைக் கழுத்தில் நிறுத்திய கடவுளின் மூர்த்தபேதம் அவர் என்று யாராவது சமாதானம் சொன்னால், அதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை.

ஊமத்தையின் கதை இதனினும் வேடிக்கையானது. நாய் அதன் காயைத் தின்றால் கண்ணின் பாவை விரிந்து, வாய் உலர்ந்து, வெறிபிடித்ததுபோல் தடுமாறும். ஆனால் வெறிநாய் கடித்த மனிதனுக்கு மருந்தாக ஊமத்தையைச் சொல்லுகிறது சுசுருத சம்ஹிதை. நம் நாட்டு வைத்தியரும் நாய்க்கடிக்கு இதனை நெடுங்காலம் கையாண்டனர். விஷத்தை விஷத்தால் வெல்லலாம் என்ற அந்தத் தருக்கம் மனத்துக்கு இனிதாயினும் உயிரைக் காக்கவில்லை. 1885-இல் பாரிஸ் நகரத்தில் லூயி பாஸ்டர் தடுப்பு மருந்தை முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ஏற்றிய பின்னரே அந்நோய்க்கு உண்மையான தடை பிறந்தது. எருக்கலையைப் பற்றி இங்கே ஒன்று மட்டும் சொல்லிச் செல்கிறேன். காதலில் தோற்ற பழந்தமிழ்த் தலைவன் பனைமடலால் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை சூடி ஊர்ந்து வந்து தன் துயரத்தை ஊரறியச் செய்தான் என்பர். அவனுக்கு வேண்டிய இரண்டு பொருளும் மன்னார்த் தீவில் எங்கு திரும்பினாலும் கிடைக்கும்.

முத்து வியாபாரமும் தன் பங்குக்கு ஒரு விஷவித்தை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. சிலாபத்துறையிலும் அரிப்பிலும் மரிச்சுக்கட்டியிலும் அந்நாளில் சலாபம் என்னும் முத்துக்குளிப்புக் கூடும் காலத்தில், வங்காலையிலும் பேசாலையிலும் உள்ள கடலோடிகளோடு, மறுகரைத் தமிழரும் அராபியரும் வந்து சேர, சில வாரங்களுக்கு மட்டும் நிலைக்கும் ஒரு பெருநகரம் மணலில் எழும்பும். கொட்டு என்று வழங்கிய வேலியடைத்த இடங்களில் சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, புழு தின்ற பின் கழுவி முத்தெடுப்பார்கள். அந்த நாற்றம் பல நாழிகை வழிக்கு வீசும். எடுத்த முத்தைத் துளையிட்ட பித்தளைப் பெட்டிகளில் இட்டு அரித்துப் பருமனால் வகுத்து, பின்பு கழஞ்சும் மஞ்சாடியும் கொண்டு நிறுப்பார்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது நம்மவர் வாய்பாடு. கறுப்புக் கண்ணும் சிவந்த உடலுமாகப் பளபளக்கும் குன்றிமணியைத் தட்டான் தராசிலும் முத்துக்காரன் பையிலும் பிள்ளைகளின் பல்லாங்குழியிலும் காணலாம். வேலியில் தானே படரும் கொடியை அதன் அழகுக்காகவே வெட்டாமல் விட்டார்கள். அபிரின் என்னும் அதன் நஞ்சு மிகக் கொடியது. எனினும் வித்தின் தோல் கல்லைப்போல் கடினமானது. முழுதாக விழுங்கிய மணி பெரும்பாலும் தீங்கின்றிக் கழிந்துவிடும். பல்லில் நசுங்கிய மணியோ, துளையிட்டு மாலையாகக் கோத்த மணியோ அவ்வாறு விடாது. எலும்பைக் கடித்து நொறுக்கிப் பழகிய நாய்க்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

ஆங்கிலேயர் 1795-இல் மன்னாரைக் கைக்கொண்ட பின்பு அத்துரைமார்களோடு வேறொரு வகை நாய் இக்கரைக்கு வந்தது. முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காகத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 1801-க்கும் 1804-க்கும் இடையில் அரிப்பில் கட்டுவித்த மாளிகை, இன்று கடலரிப்பில் சிதைந்து, ஊராரால் அல்லிராணிக் கோட்டை என்று அழைக்கப்பட்டு நிற்கிறது. நூறாண்டு கழித்து, 1906-ஆம் ஆண்டின் சலாபத்தில், மரிச்சுக்கட்டியில் கொட்டு மேற்பார்வை செய்த இளம் உத்தியோகஸ்தர் லெனாட் வூல்ஃப், 1904-இல் இலங்கைக்கு வரும்போதே வால்தேரின் நூல்கள் தொண்ணூறு தொகுதிகளோடு சார்ல்ஸ் என்ற டெரியர் நாயையும் கொண்டு வந்தவர். இத்தகைய நாய் ஊர்நாயைப்போல் இரை தேடி அலைவதன்று. கட்டிவைத்து, வேளைக்கு உணவிட்டு, குளிப்பாட்டி, பங்களாவின் பூந்தோட்டத்துக்குள் வளர்க்கப்படுவது.

அந்தப் பூந்தோட்டமோ பெரும்பாலும் அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்த செடிகளால் ஆனது. 1560-இல் மன்னாரில் கோட்டை எடுத்த போர்த்துக்கேயர் காலந்தொட்டே கப்பல்வழியாகப் புதிய தாவரங்கள் இக்கடலோரங்களில் இறங்கலாயின. வேலிக்கு உகந்தது என்று பரவிய காட்டாமணக்கு அவற்றுள் ஒன்று. அதன் பருப்பு தின்னச் சுவையாக இருப்பதே அதன் வஞ்சகம். ஈழத்தலரி என்று பெயர் பெற்று ஈழத்துக்கே உரியதுபோல் நடிக்கும் மரமும் அமெரிக்கத் தாயகத்ததே. 1826-இல் பேராதனைப் பூங்காவுக்கு அலங்காரச் செடியாக வந்த நாயுண்ணி, சில தசாப்தங்களில் பூங்காவின் எல்லையைத் தாண்டி இலங்கை முழுவதும் புதராகிவிட்டது. தேயிலைத் தோட்டத்துரை முதல் வன்னி விவசாயி வரை அதனைச் சபியாதவர் இல்லை. எல்லாவற்றிலும் அதிகமாக நிலைகொண்டது மஞ்சள் அலரி. மெல்லிய இலையும் மணிபோன்ற பூவும் கொண்டு, வறட்சிக்கு அஞ்சாமல், ஆட்டுக்கும் மாட்டுக்கும் அகப்படாமல், வேலிமேல் எழுந்து மறைப்புக் கட்டும் இம்மரம் வடபுலத்துக் குடிகளுக்குத் தேவையான எல்லா இலக்கணமும் நிறைந்ததாயிற்று. பழைய அலரியைவிட இதன் காய்க்குள் இருக்கும் வித்தில் விஷம் செறிவாக இருக்கிறது. உதிர்ந்த காய் முற்றத்தில் உருண்டு கிடப்பதும், குட்டிநாய் அதனைப் பந்தாக எண்ணிக் கவ்விச் செல்வதும் எளிதில் நிகழக்கூடியவை.

நாய்க்கு நேர்ந்த தாவர விஷம் எல்லாம் தற்செயலானது என்று எண்ணிவிடலாகாது. பெருநிலத்து வன்னிக் காடுகளில் வளர்வது எட்டி. எட்டி பழுத்தும் பயனில்லை என்று உலோபியைக் குறித்து நம்மவர் பழமொழி சொன்னார்கள். பிரெஞ்சு இரசாயன சாஸ்திரிகளான பெல்த்தியேயும் கவாந்துவும் 1818-இல் ஸ்திரிக்னின் என்னும் விஷத்தைப் பிரித்தெடுத்தபின், எட்டிவிதைக்கு உலகச் சந்தையில் பயன் மிகுதியாயிற்று. சென்னை மாகாணத் துறைமுகங்களிலிருந்தும் கொச்சியிலிருந்தும் மூட்டை மூட்டையாக ஐரோப்பாவுக்குப் போன விதை, வெண்ணிறத் தூளாக மாறி, நரிக்கும் ஓநாய்க்கும் எலிக்கும் தெருநாய்க்கும் இறைச்சியில் வைத்துக் கொடுக்கப்படும் கொலைமருந்தாக ஆங்கில ஆதிக்கம் பரவிய தேசங்களிலெல்லாம் உலாவியது. தசைகள் விறைத்து, உடல் வில்லாக வளைந்து, அறிவு தெளிந்திருக்கையிலேயே மூச்சு அடைபட்டு மாளும் அந்த மரணம் மிகக் கொடூரமானது. அதே இரு சாஸ்திரிகள் 1820-இல் ஐரோப்பியக் கிழங்கொன்றிலிருந்து கொல்சிசின் என்னும் வேறொரு விஷத்தையும் கண்டுபிடித்தார்கள். அவ்விஷம் நம் கார்த்திகைப் பூவின் கிழங்கிலும் உண்டு என்பது பின்னாளில் தெரியவந்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொகுத்த மலர்களுள் முன்வரிசையில் நிற்கும் காந்தள் இதுவே. மழைக்காலத்தில் பற்றைகளின்மேல் ஏறித் தீக்கொழுந்தாகப் பூக்கும் இக்கொடியின் கிழங்கை மண்ணைத் தோண்டும் பழக்கமுள்ள நாய் வெளிப்படுத்திக் கடித்தால், வாந்தியோடு நில்லாமல் சில நாள் கழித்து எலும்பின் மச்சையையும் அது பாதிக்கும்.

இலங்கை அரசாங்கம் 1893-இல் விசர்நாய்க்கடி நோயைத் தடுக்கும் கட்டளைச் சட்டத்தையும், 1901-இல் நாய்களைப் பதிவு செய்யும் சட்டத்தையும் இயற்றிற்று. இவ்விரண்டும் சேர்ந்து, உடையவன் உள்ள நாய் என்றும் உடையவன் அற்ற நாய் என்றும் நாய்க்குலத்தைச் சட்டத்தின் கண்ணில் இரண்டாகப் பிரித்தன. அதற்கு முன் மன்னார்க் கரையில் நாய் ஊருக்குப் பொதுவானது. வாடியில் கருவாடு காயும்போது காவலிருக்கும். வலையிழுக்கும் இடத்தில் எறியப்படும் சிறுமீனைத் தின்னும். ஒருவருடைய படலைக்குள்ளும் நெடுநேரம் நில்லாது. அத்தகைய நாய் அலரி தின்று செத்தது என்ற பேச்சு ஊரில் அதிகம் எழாததற்குக் காரணம் அதன் புத்தி நுட்பம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அலைந்து திரியும் பிராணிக்கு வேலையும் இரையும் வெளியிலேயே இருந்தன. கசப்பான இலையை மெல்ல அதற்கு ஓர் அவசியமும் நேரவில்லை. படலையைச் சாத்தி, சங்கிலியிட்டு, தனிமையில் நாளெல்லாம் இருத்தப்பட்ட நாயும், பல் முளைக்கும் பருவத்துக் குட்டியும்தான் எட்டிய செடியைக் கடித்துப் பார்க்கின்றன. நாயை நாம் அன்பினால் உள்ளே அழைத்துக்கொண்டபோது, ஆட்டுக்காக முன்பே வகுத்த தோட்டம் அங்கே அதற்காகக் காத்திருந்தது.

1914-இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே புகைவண்டிக் கப்பல் ஓடத் தொடங்கியதும், 1964 மார்கழிப் புயல் அவ்வழியை அழித்ததும் தீவின் சரித்திரத்தில் பெரிய நிகழ்ச்சிகள். செடிகளின் சரித்திரத்தில் அவற்றைவிடப் பெரியது 1990-ஆம் ஆண்டு. அவ்வாண்டு தலைமன்னார்ப் புகையிரதம் நின்றது. ஒக்டோபர் மாதத்தில் மன்னாரின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் தங்கள் வீடுவாசலிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். உள்நாட்டு யுத்தத்தின் மறுபக்கத்தில் தமிழ்க் குடிகளும் படகேறி இராமேசுவரத்துக்கும், காடேறி மடுவுக்கும் ஓடினார்கள். கதவு திறந்துகிடந்த வளவுகளில் ஆளில்லாத நாய்களும் மேய்ப்பனில்லாத ஆடுகளும் கழுதைகளும் எஞ்சின. அத்தகைய வளவில் எது தப்பும் என்பதை ஊகிக்கப் பெரும் ஞானம் வேண்டியதில்லை: வாழையும் மாதுளையும் போகும்; கூரையைக் கறையான் தின்னும்; அலரியும் மஞ்சள் அலரியும் எருக்கலையும் சுவரை மிஞ்சி நிற்கும். ஆடு நெடுங்காலமாகச் செய்துவந்த தெரிவை ஆளற்ற ஊரில் ஒருவரும் தடுப்பாரின்றிச் செய்து முடித்தது என்றே சொல்லலாம்.

யுத்தம் ஓய்ந்து, 2015-இல் தலைமன்னாருக்குப் புகைவண்டி மறுபடி வந்தபின், தீவில் வீடுகளின் தோற்றம் வேகமாக மாறிக்கொண்டு வருகிறது. கருக்குமட்டை வேலி இருந்த இடத்தில் சீமெந்து மதிலும் இரும்புப் படலையும் எழுகின்றன. உள்ளே வெளிநாட்டு இனத்து நாய் ஒன்று வளர்கிறது. திரும்பி வந்தவர் வெட்ட மனமில்லாமல் விட்ட அலரியும் அதனருகே நிற்கிறது. நாய் திடீரென்று எச்சில் வடித்து, வாந்தியெடுத்து, கால் தள்ளாடினால், பாலை ஊற்றிப் பார்ப்போம் என்றும் புளிக்கரைசலைப் புகட்டுவோம் என்றும் நேரத்தைப் போக்குவது நம்மவர் இயல்பு; அது பயனற்றது மாத்திரமன்று, புரையேறி உயிருக்கே கேடாகவும் முடியலாம். கடித்த இலையையோ காயையோ கையோடு எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் உடனே போவதே செய்யத்தக்கது. எந்தச் செடி என்று தெரிந்தால் வைத்தியரின் வேலை பாதி எளிதாகும். வெட்டிய அலரிக் கிளையை முற்றத்தில் காயவிடாமல் புதைப்பதும், ஆமணக்கம் புண்ணாக்கைப் பூச்சாடிக்கு எருவாக இடாமல் இருப்பதும் நன்று. அப்புண்ணாக்கின் வாசனை நாயை வலிய இழுக்கும், அதிலுள்ள ரிசின் எளிதில் விடாது.

மதில் வந்த வளவுக்குள் ஆடு வருவதில்லை. ஆதலால் ஆட்டுக்கு அஞ்சி நட்ட செடியை அங்கே இன்னும் காத்து வைத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. முன்பு ஒரு கோடை தாங்காத செவ்வரத்தையும் மல்லிகையும் இப்போது அங்கே தடையின்றி வளரும், நாய் கடித்தாலும் அவற்றால் அதற்குத் தீங்கில்லை. வைரவருக்கு வேண்டிய செவ்வலரி கோயில் நந்தவனத்திலேயே இருக்கட்டும்.